6 வயதுப் பையனின் குறட்டை: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, என்ன செய்வது?

மழைத்துளி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதியதைப் படித்ததோடு சரி, நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு 6 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. குறட்டை மூன்று வயதிலிருந்தே உண்டு. சளி பிடித்தால் வரும், சளி போனதும் போய்விடும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு வருடமாகச் சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் குறட்டைதான், கதவைச் சாத்தினாலும் அடுத்த அறைக்குக் கேட்கிறது. சத்தம் மட்டும் என்றால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். போன வாரம் விடியற்காலையில் விழிப்பு வந்து, தூக்கம் பிடிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, கழுத்தை வில் மாதிரி வளைத்துக்கொண்டு தூங்கினான். திடீரென்று குறட்டை நின்றது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, வயிறும் அசைகிறது, ஆனால் மூக்குக்குக் கீழே விரலை வைத்தால் காற்றே இல்லை. ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன், பதினொன்று வந்தபோது உடம்பு தூக்கிப்போட்டு, விக்கல் மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு வந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டு மறுபடியும் குறட்டை. அரை மணி நேரத்தில் இப்படி நாலு தடவை பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

யோசித்துப் பார்த்தால் வேறு சிலதும் இருக்கிறது. தலையணை தினமும் வியர்வையில் நனைந்திருக்கும். இரண்டு வருடமாகப் படுக்கையை நனைக்காமல் இருந்தவன் இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் நனைத்துவிடுகிறான், காலையில் அவனே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எழுப்பினால் எரிச்சல், அழுகை. வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, சொன்னது மனதில் நிற்பதில்லை என்று ஆசிரியை இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். டிவி சத்தத்தையும் கூட்டிக்கொண்டே போகிறான். இதற்கும் குறட்டைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரு மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "டான்சில் அவ்வளவு பெரிதாக இல்லை, வளர வளரச் சரியாகிவிடும்" என்றார். இன்னொருவர் எடுத்த எடுப்பிலேயே ஆபரேஷன் என்றார். அவன் பாட்டி, நன்றாக அசந்து தூங்குகிற பிள்ளைதான் குறட்டை விடும் என்கிறார். எனக்கு ஆபரேஷன் என்றாலே கை கால் நடுங்குகிறது. டான்சிலை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இந்த நிலையைத் தாண்டி வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

கிழக்குவாசல்

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது என் மகளைத்தான் பார்த்தேன். அவளுக்கு 5 வயதில் இதே கதை. அவளும் கழுத்தைப் பின்னால் வளைத்துத்தான் தூங்குவாள், சில நாள் உட்கார்ந்தபடியே தலையணை மேல் குப்புறச் சாய்ந்து தூங்குவாள். அது பழக்கம் என்று நினைத்தோம். மூச்சுப் போகிற வழியைத் திறந்து வைத்துக்கொள்ள உடம்பு தானாகக் கண்டுபிடித்த வழி அது என்று பின்னால்தான் புரிந்தது.

முதலில் ஒன்று செய்யுங்கள். வீடியோ எடுங்கள். பகலில் மருத்துவர் முன்னால் உட்காரும் பிள்ளை நன்றாகச் சிரித்துக்கொண்டு இருக்கும், அங்கே ஒன்றும் தெரியாது. நாங்கள் மூன்று இடங்களுக்குப் போய் வாயால் சொல்லிப் பார்த்தோம், பாதி கேட்டுவிட்டு சளி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நாலாவது மருத்துவரிடம் இரண்டு நிமிட வீடியோவைக் காட்டினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு முழுவதும் பார்த்தார், அப்புறம் ஒலியைக் கூட்டி மறுபடியும் பார்த்தார். அன்றைக்குத்தான் வைத்தியம் ஆரம்பித்தது என்று சொல்வேன்.

சட்டையைக் கழற்றிவிட்டு, அல்லது மேலே தூக்கிவிட்டு, முகமும் நெஞ்சும் வயிறும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுங்கள். சின்ன வெளிச்சம் போதும். மின்விசிறி சத்தம் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும். என் மகளுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தது வீடியோவில்தான், அதுவரை போர்வைக்குள் இருந்தது.

ஆபரேஷன் நாட்களைப் பற்றித் தேவைப்பட்டால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள்.

செவிமடல்

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். இங்கே எழுதுவதை வைத்து உங்கள் பையனுக்கு இதுதான் என்று நான் முடிவு சொல்ல முடியாது, நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன அத்தனையும் ஒரே இடத்தைக் காட்டுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நெஞ்சும் வயிறும் அசைகிறது, மூக்கில் காற்று இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முக்கியமான கவனிப்பு. மூச்சு விட உடம்பு முயற்சி செய்கிறது, வழி அடைபட்டிருக்கிறது. தூக்கத்தில் வரும் அடைப்பு வகை மூச்சுத்தடை என்று இதைச் சொல்கிறோம், ஸ்லீப் அப்னியா என்றால் பலருக்கும் தெரியும். நூறு குழந்தைகளை எடுத்தால் ஒன்று முதல் ஐந்து பேருக்கு இருக்கிறது, அதிகமாகத் தெரிவது 2 முதல் 8 வயதுக்குள். காரணம், அந்த வயதில்தான் மூச்சுப்பாதையின் அளவோடு பார்க்கும்போது டான்சிலும் அடினாய்டும் மிகப் பெரிதாக இருக்கும். டான்சில் தொண்டையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, வாயைத் திறந்தால் தெரியும். அடினாய்டு மூக்குக்குப் பின்னால், மேலண்ணத்துக்கு மேலே ஒளிந்திருக்கிறது, எவ்வளவு பெரிதாக வாயைத் திறந்தாலும் தெரியாது. அதைப் பார்க்க மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாய் விட வேண்டும், இல்லையென்றால் கழுத்தைப் பக்கவாட்டில் வைத்து ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆகவே டான்சில் பெரிதாக இல்லை என்பதை வைத்து மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. டான்சிலின் அளவுக்கும் நோயின் தீவிரத்துக்கும் நேரான கணக்கு கிடையாது. இரண்டு டான்சிலும் முட்டிக்கொண்டு நிற்கிற குழந்தை அமைதியாகத் தூங்குவதையும், நடுத்தர அளவு டான்சில் உள்ள குழந்தை இரவெல்லாம் திணறுவதையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதே காரணத்துக்காக, டான்சிலைப் பார்த்த மாத்திரத்தில் ஆபரேஷன் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். இரவில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பாட்டி சொன்னதில் அவர் மேல் தப்பே இல்லை, தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அப்படித்தான் நினைத்து வந்தோம். ஆனால் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் சளியில்லாமலே குறட்டை விடும் குழந்தையைப் பரிசோதித்தே ஆக வேண்டும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுக்கமாக இருந்து வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் தளர்ந்துவிடும். ஏற்கெனவே குறுகலான வழி, அதில் காற்றை இழுக்க இழுக்கச் சுவர்கள் உள்பக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. கனவு வருகிற தூக்கத்தில் இந்தத் தளர்ச்சி மிக அதிகம், அந்தத் தூக்கம் அதிகமாக வருவது இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில். நீங்கள் விடியற்காலையில் பார்த்தது தற்செயல் இல்லை. படுத்த முதல் மணி நேரத்தில் வீடியோ எடுத்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்று நினைத்துக்கொள்கிற பெற்றோர் நிறைய. மூன்று மணிக்கு மேல் எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, சில குழந்தைகளுக்கு மூச்சு முழுதாக நிற்பதே இல்லை, மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்து மூச்சு இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவும் இதே நோய்தான்.

பகலுக்கு வருவோம். தூக்கம் கெட்ட பெரியவர் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்வார், குழந்தை துறுதுறுவென்று ஓடும், எரிந்து விழும், கவனம் சிதறும். இதைக் கவனக்குறைவு நோய் என்றே முத்திரை குத்திவிடுவதும் நடக்கிறது. மறுபடியும் படுக்கையை நனைப்பதும் இதில் சேரும். அடைத்த வழிக்கு எதிராக நெஞ்சு இழுக்கிற இழுப்பில் இதயத்தின் மேல் அழுத்தம் மாறி, சிறுநீரை அதிகமாக்குகிற ஒரு ஹார்மோன் சுரக்கிறது என்பது ஒரு விளக்கம். உங்கள் பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை, காலையில் அவனிடம் அதைச் சொல்லுங்கள்.

டிவி சத்தத்தை நீங்கள் கடைசியில் எழுதினீர்கள், நான் அதை விட மாட்டேன். நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கிற குழாயின் வாய்க்குப் பக்கத்தில்தான் அடினாய்டு இருக்கிறது. அது வீங்கினால் நடுக்காதுக்குள் காற்று போகாமல் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காது மட்டும் மந்தமாகிவிடும். வகுப்பில் சொன்னது மனதில் நிற்காததற்குத் தூக்கம் பாதி, காது பாதி காரணமாக இருக்கலாம். கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள், அதோடு செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டுகிற டிம்பனோமெட்ரி என்ற சோதனையும் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை, வலியில்லை. நீர் இருந்தால் கோடு மேடு இல்லாமல் தட்டையாக வரும். பெரும்பாலும் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், தானாகவே வற்றிவிடுவது உண்டு. வற்றாமல் கேட்கும் திறனும் குறைந்திருந்தால் செவிப்பறையில் கிரோமெட் என்ற சின்னக் குழாய் வைக்க வேண்டியிருக்கும்.

எதிர்ப்பு சக்தியைப் பற்றிக் கேட்டீர்கள். டான்சிலும் அடினாய்டும் எதிர்ப்பு சக்தி அமைப்பின் பகுதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்கிற திசு நாக்கின் அடியிலும் தொண்டைச் சுவரிலும் குடலிலும் உடம்பெங்கும் நிறைய இருக்கிறது, இவற்றை எடுப்பதால் குழந்தை ஓயாமல் நோய்வாய்ப்படுவதில்லை. ஒரு காலத்தில் சும்மா தொண்டை வலித்தாலே எடுத்தார்கள், அந்தக் காலம் போய்விட்டது. அடிக்கடி வருகிற தொண்டைப் புண்ணுக்கு எடுப்பதென்றால் இன்று ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 என்ற கணக்கு பார்க்கிறோம். மூச்சுத்தடை வேறு விஷயம், அங்கே இந்த எண்ணிக்கை வராது.

விழித்திருக்கும்போதே மூச்சு விடத் திணறினாலோ, உதடு நீலமானாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுக விட்டாலோ வீடியோவும் வேண்டாம், தேதியும் வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மழைத்துளி

டாக்டர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. "பாதி தூக்கம், பாதி காது" என்ற வரியைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். கவனமாக இரு, கவனமாக இரு என்று அவனை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

நேற்று விடியற்காலை 4 மணிக்கு வீடியோ எடுத்தோம். கிழக்குவாசல் அண்ணன் சொன்ன மாதிரி சட்டையைத் தூக்கிவிட்டு எடுத்தோம், அதே மாதிரி விலா நடுவே குழிகிறது, தொண்டைக்குக் கீழே எலும்புக்கு மேலேயும் குழிகிறது. மூன்று நாள் கழித்து ஒரு இ.என்.டி. மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கட்டுமா? ஆபரேஷன் இல்லாமல் மருந்தில் சரியாகுமா? வீட்டில் மூக்கடைப்புச் சொட்டு மருந்து இருக்கிறது, அது போட்ட அன்று கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறான். தெரிந்தவர் ஒருவர் அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கிற மாண்டிலூகாஸ்ட் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். அப்புறம் இரவு முழுவதும் தூக்கத்தையும் மூச்சையும் அளக்கிற ஸ்லீப் ஸ்டடி கண்டிப்பாகச் செய்ய வேண்டுமா? முகத்தில் வயரை ஒட்டினால் இவன் தூங்கவே மாட்டானே.

செவிமடல்

முதலில் சொட்டு மருந்து. அடைப்பை உடனே திறக்கிற சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை என்றால் சில நாட்களுக்கு மேல் போடாதீர்கள். தொடர்ந்து போட்டால் மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும், அப்புறம் மருந்து இல்லாமல் மூச்சே விட முடியாத நிலைக்குக் கொண்டுபோய் விடும். மூக்குக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்பது வேறு. மொமெட்டசோன், புளூட்டிகசோன் போன்றவை மெதுவாக வேலை செய்யும், வீக்கத்தைக் குறைக்கும், லேசான மூச்சுத்தடைக்கும் அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கும் 6 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்ப்பது உண்டு. பல வீடுகளில் ஸ்ப்ரே பயன் தராமல் போவதற்குக் காரணம் அடிக்கிற விதம். முதலில் உப்புநீர் ஸ்ப்ரேயால் மூக்கைச் சுத்தம் செய்யுங்கள். தலையை அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள், லேசாகக் குனிந்திருக்கட்டும். முனையை மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து வைக்காமல் அதே பக்கத்துக் காதைப் பார்த்து வைத்து அடியுங்கள். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும், மருந்தும் வீணாகும்.

மாண்டிலூகாஸ்டை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்குப் பயங்கரக் கனவு, கோபம், மனச்சோர்வு போன்ற மாற்றங்கள் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மேல் போட்டிருக்கிறது. கொடுக்கத் தேவை இருந்தால் மருத்துவர் கொடுப்பார், நீங்கள் அவன் நடத்தையைக் கவனித்துக்கொண்டிருப்பீர்கள். நன்றாகத் தூங்கட்டும் என்று தூக்கம் வரவழைக்கிற சளி மருந்தைக் கொடுப்பதும் கூடாது.

ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்பதற்கு 2013 இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தார்கள், மறு பாதியைக் கவனித்துக்கொண்டே காத்திருந்தார்கள். ஏழு மாதம் கழித்து ஸ்லீப் ஸ்டடி செய்தபோது, எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்குச் சரியாகியிருந்தது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியாகியிருந்தது. கவனத்தை அளக்கிற தேர்வில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நடத்தையும் தூக்கமும் வாழ்க்கைத் தரமும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு நன்றாகவே முன்னேறியிருந்தன. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்குகிற குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதை மறக்கக் கூடாது. ஆகவே லேசான நோய் என்றால் சில மாதம் காத்திருப்பது நியாயமான வழி, கடுமையான நோய் என்றால் காத்திருப்பது தவறு. உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், அங்கேதான் ஸ்லீப் ஸ்டடி உதவும்.

இரவுப்பணி

ஸ்லீப் ஸ்டடி செய்கிற ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன், அதனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். "என் பிள்ளை தூங்கவே மாட்டான்" என்று சொல்லாமல் எந்தத் தாயும் உள்ளே வந்ததில்லை, கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் தூங்கிவிடுகிறார்கள்.

ஊசி கிடையாது, வலி கிடையாது. தலையில் பசை வைத்துச் சின்னச் சின்னத் தட்டுகளை ஒட்டுவோம், அது மூளை அலைக்கு. கண் ஓரத்தில் இரண்டு, தாடையில் இரண்டு, நெஞ்சில் இதயத்துடிப்புக்கு. மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், விரலில் சிவப்பு விளக்கு எரிகிற கிளிப், மூக்குக்குக் கீழே காற்றோட்டத்தை அளக்கிற மெல்லிய குழாய். பிள்ளைகள் தாங்க முடியாமல் தட்டிவிடுவது கடைசியில் சொன்ன அந்தக் குழாயைத்தான், அதனால் அதை அவர்கள் தூங்கிய பிறகு வைப்பேன். விரல் விளக்கைப் போர்வைக்குள் காட்டி விளையாட விடுவேன். நீங்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். அவன் தினமும் கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மையையும் தலையணையையும் கொண்டு வாருங்கள். அன்று பகலில் தூங்க விடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், தட்டு ஒட்டாது.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. என்று ஓர் எண் வரும். ஒரு மணி நேரத் தூக்கத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதன் கணக்கு அது. பெரியவர்களுக்கு 5 வரை பரவாயில்லை என்போம், குழந்தைகளுக்கு 1 தாண்டினாலே நோய்தான். 1 முதல் 5 லேசு, 5 முதல் 10 நடுத்தரம், 10க்கு மேல் கடுமை. இதைச் சொல்லக் காரணம், பெரியவர்களின் அளவுகோலை வைத்து "3 தானே, ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். எண்ணுகிற முறையும் வேறு. பெரியவருக்கு மூச்சு 10 வினாடி நின்றால்தான் ஒன்று என்று கணக்கு, குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே கணக்கில் எடுப்போம்.

எல்லாக் குழந்தைக்கும் ஆபரேஷனுக்கு முன் இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. அறிகுறியும் பரிசோதனையும் ஒத்துப்போனால் பல மருத்துவர்கள் நேராகவே முடிவெடுப்பார்கள். 2 வயதுக்குக் கீழே இருந்தால், உடல் எடை மிக அதிகமாக இருந்தால், டவுன் சிண்ட்ரோம், முக எலும்பு அமைப்பில் குறை, தசை நோய், சிக்கிள் செல் ரத்தசோகை இருந்தால் முதலில் சோதனை செய்ய வேண்டும் என்பார்கள். டான்சில் சின்னதாகவும் அறிகுறி பெரிதாகவும் இருந்தாலும் செய்வது நல்லது. உங்கள் கதையில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்துவிடுவேன்.

தாமரைக்குளம்

தங்கச்சி, நான் வேறு ஒரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், இப்போது 11 வயது. இந்தப் பிள்ளைகளுக்கு அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. எனக்கு அது தெரிய வந்தபோது அவனுக்கு 6 தாண்டிவிட்டது. இதைப் படிக்கிற டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் அம்மா அப்பா யாராவது இருந்தால் அதற்காகவே எழுதுகிறேன்.

அவனுக்கு டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுத்தோம். பாதி குறைந்தது, பாதி அப்படியே இருந்தது. தசைத் தளர்ச்சியும் நாக்கும் காரணம் என்றார்கள். மயக்க நிலையில் தூங்க வைத்து எண்டோஸ்கோப் விட்டு எந்த இடத்தில் அடைக்கிறது என்று பார்த்தார்கள், நாக்கின் அடிப்பகுதி பின்னால் விழுகிறது என்று தெரிந்தது. அதன் பிறகு சிபாப். மாஸ்க் வழியாகக் காற்றை மெல்ல அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிற கருவி, 1981 இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கொண்டுவந்தது.

முதல் இரவே மாட்டினோம், கத்தித் தீர்த்துவிட்டான், பிய்த்து எறிந்தான். அப்புறம் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தார், கருவியை ஒரு மாதம் மறந்துவிடுங்கள், மாஸ்க்கை மட்டும் பகலில் விளையாட்டுச் சாமானாகக் கொடுங்கள் என்று. பொம்மைக்கு மாட்டினோம், எனக்கு மாட்டினோம், அவன் அப்பாவுக்கு மாட்டினோம். பிறகு அவனே ஒரு நிமிடம் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். அடுத்து குழாயை இணைத்து, காற்றைக் கையில் பட வைத்து, அப்புறம்தான் முகத்துக்கு. ஆறு வாரம் ஆனது. இன்று படுக்கும்போது அவனே எடுத்துக் கொடுக்கிறான். மாஸ்க் அழுத்துவதால் முக எலும்பின் வளர்ச்சியை அவ்வப்போது பார்க்க வேண்டும், அவன் வளர வளர மாஸ்க்கின் அளவையும் மாற்ற வேண்டும்.

உன் பையனுக்கு இது தேவைப்படும் என்று சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்தால் கதை முடிந்தது என்று விட்டுவிடாதே. மூன்று மாதம் கழித்தும் குறட்டை இருந்தால் மறுபடியும் போய்க் கேள்.

மழைத்துளி

அக்கா, உங்கள் ஆறு வாரத்தைப் படித்தபோது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஐந்து வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். எண்டோஸ்கோப்பில் பார்த்தார்கள், இரண்டு நிமிடம் அழுதான், அவ்வளவுதான். அடினாய்டு மூக்கின் பின்வாசலைக் கிட்டத்தட்ட முழுவதும் அடைத்திருக்கிறது, அந்தப் படத்தை எனக்கும் திரையில் காட்டினார்கள், ஒரு துளி இடம்தான் கறுப்பாகத் தெரிந்தது. டான்சில் நடுத்தரம். இரண்டு காதிலும் நீர், டிம்பனோமெட்ரி கோடு தட்டை. ஸ்லீப் ஸ்டடியில் ஏ.ஹெச்.ஐ. 14, ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 82 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. விரல் விளக்கைப் போர்வைக்குள் வைத்து விளையாடியபடியே தூங்கிவிட்டான், இரவுப்பணி அவர்களுக்கு என் நன்றி.

அடுத்த வாரம் ஆபரேஷன். டான்சில், அடினாய்டு இரண்டும். காது நீர் மூன்று மாதத்துக்கு மேலாக இருக்கும் என்று தோன்றுவதால், கேட்கும் திறனும் குறைந்திருப்பதால் அதே மயக்கத்தில் கிரோமெட்டும் வைக்கிறார்கள். ஒரு இரவு மருத்துவமனையிலேயே ஆக்சிஜனைக் கண்காணிப்பார்களாம். கிழக்குவாசல் அண்ணா, அந்த நாட்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னீர்களே, இப்போது எழுதுங்கள்.

கிழக்குவாசல்

எழுதுகிறேன் சகோதரி. எங்களுக்கு யாரும் சொல்லாததை எல்லாம் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் நீங்கள் நினைப்பதைவிட நன்றாக இருப்பான். நாலாவது, ஐந்தாவது நாள் வலி கூடும், அப்போது ஏதோ தப்பாகிவிட்டது என்று நாங்கள் பயந்தோம். அது வழக்கம்தான். வலி மருந்தை அழும்போது கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள், மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, நடு இரவிலும் எழுப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் காலையில் தொண்டை காய்ந்து தண்ணீரே குடிக்க மாட்டான், குடிக்காவிட்டால் வலி கூடும், வலி கூடினால் குடிக்க மாட்டான், இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டால் மறுபடியும் மருத்துவமனைதான். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் குளிர்ந்த தண்ணீர். நான் ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு தம்ளருக்கும் அவளையே நட்சத்திரம் வரைய வைத்தேன்.

தொண்டையில் டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும், வாய் நாற்றம் அடிக்கும். சீழ் என்று நினைத்து ஓடினோம், ஆறுகிற புண்ணின் மேல்படலம்தான் என்றார்கள். காது வலிக்கிறது என்பான், தொண்டைக்கும் காதுக்கும் போகிற நரம்பு ஒன்றுதான் என்பதால் அப்படி வருகிறதாம். குரல் கொஞ்ச நாள் மூக்கால் பேசுகிற மாதிரி மாறும்.

இப்போது முக்கியமானது. 5 முதல் 10 நாளுக்குள் அந்தப் படலம் உரியும்போது ரத்தம் வரலாம், பெரும்பாலோருக்கு வராது, ஆனால் அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். என் மகளுக்கு ஏழாம் நாள் இரவு. தூக்கத்தில் எச்சிலை அடிக்கடி விழுங்குகிற சத்தம் கேட்டது, மடக் மடக் என்று. விளக்கைப் போட்டு வாயைத் திறந்து பார்த்தேன், புது ரத்தம். உடனே போய்விட்டோம், கவனித்துக்கொண்டார்கள், மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். தூக்கத்தில் திரும்பத் திரும்ப விழுங்கினால் எழுப்பிப் பாருங்கள். சிவப்பாக ரத்தம் துப்பினால் கொஞ்சம்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள்.

செவிமடல்

கிழக்குவாசல் எழுதியதை நான் என் நோயாளிகளுக்குப் படித்துக்காட்டலாம் போலிருக்கிறது. இரண்டு மூன்று மட்டும் சேர்க்கிறேன். ஏ.ஹெச்.ஐ. 14 என்பது கடுமையான நோய், ஓர் இரவு உள்ளே வைத்துக் கண்காணிப்பது சரியான முடிவு. கோடீன் உள்ள மருந்தும் ஆஸ்பிரினும் இந்த ஆபரேஷனுக்குப் பின் குழந்தைக்குக் கூடவே கூடாது. கோடீனைச் சில குழந்தைகளின் உடம்பு மிக வேகமாக மார்பினாக மாற்றிவிடும், மூச்சே நின்றுபோன சம்பவங்கள் உண்டு, அமெரிக்காவில் 2013 இல் இதற்காகவே எச்சரிக்கை போட்டார்கள். பாராசிட்டமால், ஐபுபுரோபன் எவ்வளவு என்பதை அவன் எடையை வைத்து உங்கள் மருத்துவர் எழுதுவார்.

அவன் உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவரே பார்த்திருப்பார். அப்படி இருந்தால் மேலண்ணத்தில் மறைந்த பிளவு இருக்கலாம், அடினாய்டை முழுதாக எடுத்தால் பேச்சு மூக்கு வழியாகப் போய்விடும், எடுக்கிற முறையை மாற்ற வேண்டும். ஆபரேஷன் முடிந்து சில நாள் வீக்கத்தால் குறட்டை தொடரும், அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

மழைத்துளி

உள்நாக்கு சரியாக இருக்கிறது, கேட்டுவிட்டேன் டாக்டர். கடைசியாக ஒன்று. கீழ்வரிசை முன்பல் ஒன்று நேற்றிலிருந்து ஆடுகிறது. இன்று காலையிலிருந்து லேசாக மூக்கும் ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை. இதையெல்லாம் சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, சொல்ல வேண்டுமா?

செவிமடல்

இரண்டையும் சொல்லுங்கள், இன்றே போன் செய்து சொல்லுங்கள். ஆடுகிற பல்லை மயக்க மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும், குழாய் விடும்போது விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. தேவைப்பட்டால் மயக்கத்திலேயே எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். மூக்கு மட்டும் தண்ணீராக ஒழுகுகிறது, நெஞ்சில் சத்தமில்லை, காய்ச்சலும் இல்லை என்றால் பெரும்பாலும் பார்த்துவிட்டுச் செய்வார்கள். இருமலும் காய்ச்சலுமாக நெஞ்சுக்கு இறங்கினால் சில வாரம் தள்ளுவார்கள், தள்ளினால் வருத்தப்படாதீர்கள், அதுவரை அவன் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வையுங்கள், ஒருக்களித்துத் தூங்கட்டும்.